கீழே சொட்டே இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். 2018 மாடல் டீசல் பிக்கப். மேட்டுப்பாளையத்திலிருந்து மளிகை ஏற்றிக்கொண்டு ஊட்டி, திரும்பும்போது காய்கறி லோடு. வாரத்துக்கு ஒன்றரை லிட்டர் கூலன்ட் (எஞ்சினை ஆறவைக்கும் திரவம்) குறைகிறது. வண்டி நிற்கும் இடத்தில் சொட்டுகூட இல்லை. மெக்கானிக் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இறக்கிப் பார்த்துடலாம்" என்கிறார். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடாக இருக்கலாம். ஆனால் அதை இறக்காமலேயே உறுதிப்படுத்த வழி இருக்கிறது. இறக்கிய பிறகு வேறு இடம் என்று தெரிந்தால், கேஸ்கெட் செலவு, போல்ட் செலவு, லேத் கூலி எல்லாம் தண்டம். கூலன்ட்டும் பழையபடி குறைந்துகொண்டே இருக்கும்.

தரையில் சொட்டு இல்லாததால் லீக் உள்ளேதான் என்று முடிவுகட்டுவது இந்த விஷயத்தில் வழக்கமாக நடக்கும் முதல் தப்பு. சூடான எஞ்சின் மேல் கசியும் கூலன்ட் தரைக்கு வந்து சேராது. தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த சாயமும் உப்பும் மட்டும் கறையாக ஒட்டிக்கொள்ளும். ஓட்டத்தில் கசிவதை ஃபேன் காற்று பின்னால் விசிறிவிடும். வண்டி நின்று ஆறியதும் அழுத்தம் இறங்கி, கசிவும் நின்றுவிடும். ஆக, சூடாக இருக்கும்போது பார்த்தால் ஈரம் தெரியாது, ஆறியபின் பார்த்தால் கசிவே இருக்காது. எஞ்சின் ஆறியிருக்கும்போது வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

அதற்கு முன் இரண்டு நாள் கணக்கு எடுங்கள். காலையில், எஞ்சின் முழுக்க ஆறியபின், சமதரையில், கூலன்ட் டப்பாவின் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. மாலையில் ஓட்டம் முடிந்து வண்டி ஆறியதும் இன்னொரு கோடு. மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், மூன்றாவது கோடு. ராத்திரி நின்ற இடத்திலேயே குறைந்திருந்தால் ஆறியபின்னும் கசியும் ஜாதிக் கோளாறு, ஓட்டத்தில் மட்டும் குறைந்தால் சூட்டிலும் அழுத்தத்திலும் கசியும் வேறு ஜாதி. உங்கள் டப்பா வழிவதைப் பிடிக்கும் வெறும் ஓவர்ஃப்ளோ டப்பாவாக, அழுத்த மூடி ரேடியேட்டர் தலையில் இருந்தால், டப்பா மட்டத்தை மட்டும் நம்பக்கூடாது. டப்பா நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருக்கும். ஆறியபின் மூடியைத் திறந்து உள்ளேயும் பாருங்கள். சூட்டில் அந்த மூடியில் கை வைக்கவே வேண்டாம். திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த மூடியைத்தான், அதுவும் மலை ஓட்ட வண்டிக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு பல எஞ்சின்களில் திறக்கத் தொடங்குவதே 82 டிகிரி வாக்கில். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் பிடிக்கவில்லை, உள்ளே இருப்பதும் வெறும் தண்ணீர் என்றால், வால்வு திறப்பதற்கும் கொதிப்பதற்கும் நடுவே பத்து டிகிரிதான் இடைவெளி. லோடோடு ஏறும் வண்டிக்கு அது போதவே போதாது. கொதித்து, டப்பா வழியாக வெளியே தள்ளி, ஆவியாகிப் போய்விடும். எங்கும் ஓட்டை இருக்காது, கூலன்ட் மட்டும் குறையும். அதே உயரத்தில், அதே தண்ணீரில், 0.9 பார் மூடி ஒழுங்காக வேலை செய்தால் கொதிநிலை 115 டிகிரி வாக்கில் போய் நிற்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே.

மூடியின் தலையில் 0.9, 1.1 என்றோ, 13 பிஎஸ்ஐ என்றோ, 88 கேபிஏ என்றோ அச்சடித்திருக்கும். மாற்றும்போது அதே எண்தான் வேண்டும். அழுத்தம் அதிகமுள்ள மூடி போட்டால் சூடு குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குறையாது, பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும்தான் வெடிக்கும். மூடியின் அடியில் நடுவே சின்னதாக இன்னொரு வால்வு இருக்கும். ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச விடுவது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டால், காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்த் தட்டையாகக் கிடக்கும்.

இப்போது அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் வாயில் மாட்டிக் கையால் அடிக்கும் பம்பும் மீட்டரும் சேர்ந்த செட் இதற்கென்றே இருக்கிறது. ஓரளவு பெரிய பட்டறைகளிலும் ரேடியேட்டர் கடைகளிலும் கிடைக்கும். ஆறிய எஞ்சின், ரேடியேட்டர் முட்ட நிரப்பியிருக்க வேண்டும், பிறகு மூடியில் போட்டிருக்கும் எண் வரை மட்டும் அடியுங்கள். முதல் நிமிஷத்தில் ஹோஸ்கள் விரிவதால் முள் கொஞ்சம் இறங்கும், அதை ஈடுகட்டி மறுபடி அடித்துவிட்டுக் குறைந்தது கால் மணி நேரம் பொறுத்திருங்கள். முள் அசையவில்லை என்றால் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, மறுபடி ஆறவிட்டு, இன்னொரு தடவை. சில கசிவு குளிரில் மட்டும் திறக்கும், சில சூட்டில் மட்டும். விடியற்காலையில் மட்டும் சொட்டி, வண்டி சூடானதும் நிற்பது பெரும்பாலும் ஹோஸ் கிளாம்ப்தான். ஹோஸ் மாட்டும் அலுமினியக் கழுத்து குளிரில் சுருங்கும், காய்ந்துபோன ரப்பர் அதோடு சேர்ந்து சுருங்காது.

முள் இறங்குகிறது என்றால் டார்ச்சும் கண்ணாடித் துண்டும் எடுத்துக்கொண்டு தேட வேண்டியதுதான். ஈரத்தைத் தேடாதீர்கள், கறையைத் தேடுங்கள். காய்ந்த கூலன்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, உப்புப் பூத்த சுவர் மாதிரிப் பொருக்காக நிற்கும். பொருக்கின் மேல் நுனி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. கீழே வழிந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் சம்பந்தமில்லாத இடத்தில் கொண்டுபோய் விடும். சந்தேகமான இணைப்பைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு அழுத்தம் கொடுத்தால், ஊசிமுனை ஈரமும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். யூவி வெளிச்சத்தில் ஒளிரும் சாயமும் யூவி டார்ச்சும் கிடைத்தால் இன்னும் சுலபம். சாயத்தை ஊற்றி, ஒரு நாள் ஓட்டிவிட்டு, ராத்திரியில் பாருங்கள்.

வாட்டர் பம்பில் கவனிக்க வேண்டியது அடிப்பக்கத்தில் இருக்கும் சின்னத் துளை. பம்பின் சீல் தேயத் தொடங்கினால் கூலன்ட் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வரட்டும் என்றே விட்டிருக்கும் வழி அது. லேசான கறை மட்டும் இருந்தால் பதறவேண்டாம். அழுத்தத்தில் சொட்டு விட்டால் பம்ப் முடிந்தது. பெல்ட்டைக் கழற்றி, புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தாலும் முடிந்தது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகள் ஊருக்கு நாலு இருக்கும். அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகும், பேரிங் சிக்கும், அப்புறம் ஃபேன் போய் ரேடியேட்டரைச் சீவும். பம்பில் கசிவதைப் பெல்ட் சுழற்றி எஞ்சின் முன்பக்கம் முழுக்கத் தெளித்துவிடும் என்பதால், பம்ப் லீக்கை ரேடியேட்டர் லீக் என்று நினைத்து ரேடியேட்டரை மாற்றுவதும் நடக்கிறது.

ரேடியேட்டரில் நடுவிலுள்ள அலுமினியக் குழாய்க்கட்டான கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பைப் பாருங்கள். கோரின் நடுவைவிட அங்கேதான் அடிக்கடி விடும். எஞ்சின் பிளாக்கில் வட்டத் தகட்டு மூடிகள், கோர் பிளக் என்பவை, வரிசையாக இருக்கும். வருஷக்கணக்கில் போர் தண்ணீரே ஊற்றிய எஞ்சினில் அவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழும். புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தால், அங்கே கசிவது சூட்டில் அப்படியே ஆவியாகும். ஹீட்டர் உள்ள வண்டியில் கிளீனர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுவென்று படலம் கட்டி, கேபினில் இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் கோர்.

வெளியே எங்கும் இல்லை, முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறதா? இப்போதுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே என்றால் உடனே ஹெட் என்று அர்த்தமில்லை. உங்களுடையது போல பிஎஸ்4 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலும் ஈஜிஆர் கூலர் உண்டு. சைலன்சருக்குப் போகும் சூடான புகையில் ஒரு பங்கைத் திருப்பி, கூலன்ட்டால் ஆறவைத்து, இன்டேக்குக்கு (எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழி) அனுப்பும் பெட்டி. ஒரு பக்கம் பல நூறு டிகிரிப் புகை, இன்னொரு பக்கம் 80, 90 டிகிரிக் கூலன்ட், நடுவே மெல்லிய தகடு. கூலன்ட் ஒருமுறை குறைந்து அந்தப் பெட்டி வறண்டால் போதும், தகடு விரிசல் விடும்.

ஹெட் கேஸ்கெட்டும் ஈஜிஆர் கூலரும் காட்டும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றே, குழப்பம் முழுக்க அதனால்தான். இரண்டிலும் ரேடியேட்டரில் குமிழி வரும், இரண்டிலும் வெள்ளைப் புகை, இரண்டிலும் மேடேறும்போது டப்பா வழியும். நிறம் மாறும் நீலத் திரவம் ஊற்றிச் செய்யும் சோதனையிலும், எரிந்த புகை கூலன்ட்டில் கலந்திருக்கிறதா என்றுதான் தெரியும், எந்த வழியாக வந்தது என்று அது சொல்லாது. போதாக்குறைக்கு டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் நிறையக் காற்றும் கொஞ்சமே கரியமில வாயுவும் விடுவதால், உண்மையிலேயே லீக் இருந்தும் அந்தத் திரவம் நீலமாகவே நின்றுவிடுவது உண்டு. ஆக்ஸிலரேட்டரை உயர்த்திப் பிடித்து, சில நிமிஷமாவது பார்க்க வேண்டும். டீசலில் அது பச்சைக்குத் திரும்பினாலே போதும், பெட்ரோல் வண்டி மாதிரி மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டையும் பிரிக்க வழி இப்படி. ஈஜிஆர் வால்வையோ, இன்டேக்குக்குப் போகும் அதன் பைப்பையோ கழற்றி உள்ளே பாருங்கள். டீசல் எஞ்சினில் அந்த இடம் தார் பூசியது மாதிரி கரி அடைந்திருக்க வேண்டும். கரியின் நடுவே ஒரு பாதை மட்டும் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்றோ, ஈரக்கரி சேறாகவோ இருந்தால் கூலர் ஓட்டை. கழற்றி, கூலன்ட் வாயில் ஒன்றை அடைத்து, இன்னொன்றில் ஒன்று, ஒன்றரை பார் காற்றுக் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கினால் குமிழி வரும். வெந்நீர் என்பதை விட்டுவிடாதீர்கள், பச்சைத் தண்ணீரில் அந்த விரிசல் மூடிக்கொண்டு ஏமாற்றும்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு இரண்டு சோதனை. முதலாவதுக்குக் கருவியே வேண்டாம். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின், காலையில் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்று, இரண்டு நிமிஷத்தில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கூலன்ட் இன்னும் சூடாகவில்லை, விரிய வழியில்லை. அதற்குள் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், அழுத்தம் சிலிண்டரிலிருந்தோ ஈஜிஆரிலிருந்தோதான் வருகிறது. இரண்டாவது சோதனை அந்த "ஈஜிஆரிலிருந்தோ" என்பதையும் தீர்த்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்கைக் கழற்றி, அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரஷன் முடியும் உச்சிப் புள்ளியில் நிறுத்தி, க்ளோ பிளக் துளை வழியாக 5, 6 பார் காற்றுக் கொடுங்கள். வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈஜிஆருக்கு இதில் வேலையே இல்லை. ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டில் விரிசல், அதுவும் இந்தச் சிலிண்டரில்தான். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். காற்றுக் கொடுத்ததும் எஞ்சின் சுற்றப் பார்க்கும், கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஃபேன் பக்கத்திலிருந்து கையை எடுத்துக்கொள்ளுங்கள். க்ளோ பிளக்கைக் கழற்றுவது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது. பச்சையாக முறுக்கினால் முறிந்து, நுனி உள்ளே மாட்டும், அது தனி வேலை.

காலையில் ஸ்டார்ட்டர் ஒரு சுற்றுச் சுற்றி டக்கென்று நின்றால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். சிலிண்டரில் கூலன்ட் நிறைந்திருக்கலாம். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். க்ளோ பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுற்றி, வெளியே பீய்ச்சுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

எஞ்சின் ஆயிலைக் கூலன்ட்டால் ஆறவைக்கும் ஆயில் கூலர் உள்ள எஞ்சினில் கசிவுக்கு இன்னொரு வழி உண்டு. டப்பாவில் கறுப்பாக எண்ணெய் மிதக்கிறது, ஆயில் மட்டும் சுத்தமாக இருக்கிறது என்றால், ஹெட்டைவிட ஆயில் கூலரையே முதலில் பாருங்கள். ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம், ஆகவே ஆயில்தான் கூலன்ட்டுக்குள் போகும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் மோர் மாதிரி வெள்ளை படிவது குளிர்காலத்தில் குட்டை ஓட்ட வண்டிக்கு சகஜம், அதை வைத்து ஹெட்டை இறக்க வேண்டாம். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கிலேயே பால்காபி நிறம் ஏறினால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

வெள்ளைப் புகையிலும் ஒரு சொல். ஊட்டிக் குளிரில் காலையில் எல்லா வண்டியும் ஆவி விடும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். எரியாத டீசலும் வெள்ளையாகத்தான் வரும், ஆனால் கண் எரியும். கூலன்ட் புகை கண்ணைக் கரிக்காது, இனிப்பாக வாடை அடிக்கும், சூடானபின்னும் விடாது.

பழுது எது என்று தெரிந்தபின் வேலை நேர்தான், ஆனால் சில இடங்களில் அவசரம் காட்டினால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும். ஹோஸ் மாற்றும்போது கழுத்திலிருக்கும் வெள்ளைப் பொருக்கை எமரி பேப்பரால் தேய்த்து எடுங்கள், இல்லையென்றால் புது ஹோஸும் ஒழுகும். ஏறவில்லை என்று கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். கூலன்ட்டையே தொட்டுத் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். கிளாம்பை ரப்பர் பிதுங்கும்வரை முறுக்குவது பலமில்லை, வெட்டு. பிளாஸ்டிக் தொட்டி விரிசலுக்கு எந்தப் பசையும் நிலைக்காது. தொட்டி, கேஸ்கெட் மாற்றி மடிப்பை மறுபடி அழுத்தித் தரும் ரேடியேட்டர் கடை இருந்தால் சரி, இல்லையென்றால் முழு ரேடியேட்டர்.

ஹெட்டேதான் என்று உறுதியானால், முழுக்க ஆறிய எஞ்சினில், ஓரத்துப் போல்ட்டில் தொடங்கி நடு நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். சூட்டில் கழற்றினால் நேரான ஹெட்டும் வளையும். இறக்கியதும் நேர்கட்டையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்து நீளவாக்கில், அகலவாக்கில், குறுக்கு மூலையாக அளவெடுக்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையவில்லை என்றால் கவலையில்லை. 0.1 நுழைந்தால் ஃபேசிங் (தளத்தைச் சீவி நேராக்குவது) கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி வார்த்தை உங்கள் எஞ்சின் மேனுவலுடையது, எவ்வளவு சீவலாம் என்பதும் அதில்தான் இருக்கும். லேத்தில் கொடுக்கும்போது ஃபேசிங் மட்டும் செய்து வாங்கிவராதீர்கள். வெந்நீரில் அழுத்தச் சோதனை செய்து, இரண்டு வால்வுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டுக்குப் புதுக் கேஸ்கெட் போட்டுப் பயனில்லை.

டீசல் ஹெட் கேஸ்கெட் பல எஞ்சின்களுக்கு ஒரே அளவில் வருவதில்லை. பிஸ்டன் பிளாக்கின் தளத்துக்கு மேலே எவ்வளவு எட்டிப்பார்க்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று கனத்தில் வரும், ஓரத்தில் வெட்டோ துளையோ எண்ணிக்கை வைத்து அடையாளம். பழையதில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுத் தூக்கிப்போடுங்கள். கடைக்காரர் கொடுத்ததை வாங்கிப் போட்டு, மெல்லியதாகிவிட்டால் பிஸ்டன் வால்வைத் தட்டும். கனமாகிவிட்டால் கம்ப்ரஷன் குறைந்து, குளிரில் ஸ்டார்ட்டிங் இழுக்கும். குறித்த டார்க் (முறுக்கு விசை) கொடுத்தபின் கோணக் கணக்கில் முறுக்கும் போல்ட்டுகள் நீண்டுவிடும் வகை, மேனுவல் புதியது கேட்டால் புதியதுதான். போல்ட் இறங்கும் துளைகளில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் காற்றடித்து எடுத்துவிடுங்கள். திரவத்தோடு முறுக்கினால் டார்க் ரெஞ்ச் சொல்வது பொய்யாகும், பிளாக்கே விரிசல் விடவும் கூடும்.

கடைசியில் நிரப்புவது, அதில்தான் நல்ல வேலையும் கெட்டுப்போகிறது. மஞ்சள் தூளையோ ஸ்டாப் லீக் பவுடரையோ முன்பே போட்டிருந்தால், ரேடியேட்டரையும் ஹீட்டரையும் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். மஞ்சள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். சூட்டுக்கு மருந்தாகத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்திருந்தால் புதிது போடுங்கள். அடர் கூலன்ட் என்றால் அதே அளவு டிஸ்டில்ட் வாட்டர், ரெடிமிக்ஸ் என்றால் தண்ணீரே சேர்க்காமல். பாதிக்குப் பாதி கலவை உறைவது மைனஸ் 37 டிகிரியில், ஊட்டியின் உறைபனிக்கு அது தாராளம். அந்தக் குளிரில் வெறும் தண்ணீரோடு வண்டியை நிறுத்துவது சூதாட்டம். நிறத்தைப் பார்த்து வகையை முடிவுசெய்யாதீர்கள், கூலன்ட் விற்கும் கேனில் போட்டிருக்கும் தரத்தைப் பாருங்கள். பழையது என்ன என்று தெரியாவிட்டால் முழுக்க இறக்கிவிட்டுப் புதிது. இறக்கியதைச் சாக்கடையிலோ தரையிலோ கொட்டவேண்டாம், அது விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும்.

வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, ஏர் ஸ்க்ரூ இருந்தால் திறந்துவைத்து, மெதுவாக ஊற்றுங்கள். மூடி திறந்தபடி ஐட்லிங்கில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென்று இறங்கும், கீழ் ஹோஸும் சுடும். அதை நிரப்பிவிட்டு மூடுங்கள். உள்ளே காற்று தங்கினால் வெப்ப சென்சார் காற்றில் நிற்கும், டேஷ்போர்டில் வெப்ப முள் நடுவிலேயே இருக்க எஞ்சின் கொதிக்கும். ஓட்டத்தில் முள் திடீரென்று கீழே விழுந்தாலும் வண்டி ஆறிவிட்டது என்று நிம்மதியாகாதீர்கள், கூலன்ட் தீர்ந்திருக்கலாம். ஓரமாக நிறுத்துங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் மட்டம் கொஞ்சம் இறங்கும், தங்கிய காற்று வெளியேறுவதால். நான்காம் நாளும் அதே மார்க்கர் கோட்டுக்குக் கீழே போனால் அழுத்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.